இடது கையில் ஓடிய மோட்டார்

ஏகாம்பரம் மாமா இறந்த செய்தி வந்தபோது நான் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூட அலுவலக அறையில் இருந்தவர்கள் எப்படியும் ஊருக்குள் சொல்லியிருப்பார்கள்.

இடைவேளை மணி அடித்ததும் என்னைக் கூப்பிட்டு ஃபோனைக் கையில் கொடுத்தார்கள். மறுமுனையில் அம்மா.

"ஏகா மாமா பூட்டாருடி."

"எங்க? சலவைக்கா?"

"செத்துட்டாருடி, பாவி."

"மோட்டார் ஓடுதானு தொட்டுப் பாத்தீங்களா?"

அம்மா ஃபோனை வைத்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் பாலத்தைத் தாண்டும்போதுகூட, இந்த முறை அவரை எப்படி மடக்குவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மாவையே கூட்டு சேர்த்துக்கொண்டாரே, பெரிய ஆள்தான் என்று நினைத்தேன்.

அவர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சேலைகளுக்கு நடுவே புகுந்து போனேன். அவரைக் கிடத்தியிருந்தார்கள். சலவைக்குப் போகும் வெள்ளைச் சட்டையில் இருந்தார். மல்லிகா அத்தை, அவருடைய மனைவி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தில் இன்னும் இளிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, அவருடைய இடது கையின் உட்பக்கம் என் இரண்டு விரல்களை வைத்தேன்.

ஓடவில்லை.

இடத்தை மாற்றி வைத்தேன். அழுத்தி வைத்தேன். பிறகு என் விரல் முனைகளில் ஏதோ அடிப்பது தெரிந்து, "ஓடுது!" என்று கத்திவிட்டேன். அழுகை ஒரு கணம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தார். அடித்தது என் சொந்த நாடி. அன்று அந்த ஒரு கணம் நம்பியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அதில் விளையாட்டு எதுவும் இல்லை.

இப்போது படத்திறப்புக்கு ஒரு சிறிய மலர் போடுகிறோம், நீயும் எழுது என்று இளைஞர் மன்றத்தில் கேட்டார்கள். இதை ஆஸ்பத்திரி சிஸ்டரும் வெளியூர்க்காரர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால், ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கியே எழுதுகிறேன்.

சலவை என்றால் டயாலிசிஸ். மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி நான்கு வருடம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பொன்னேரிக்குப் போய் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். "வெளுத்துட்டு வரேன்" என்பார். எங்கள் மீனவர் குப்பத்திலிருந்து அதே வேனில் போகும் இன்னொருவர் தனசேகர் அண்ணன். அந்த வேனுக்குச் 'சலவை வேன்' என்று பெயர் வைத்தது நான். மாமாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு இருபத்தொன்பது வயது. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மோட்டார் என்பது மாமாவின் இடது முன்கை. இயந்திரத்தின் ஊசி குத்துவதற்காக அங்கே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ரத்தம் அந்த இடத்தில் பாய்ந்து ஓடும்போது, விரல் வைத்தால் தோலுக்குக் கீழே 'ர்ர்ர்' என்று அதிரும். கரைக்கு வரும் படகின் பலகையில் உள்ளங்கையை வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. குப்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் தொட்டிருக்கிறோம். "டீசல் ஊத்தாத மோட்டாரு. எம்மாம் மைலேஜு பாரு" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. போன வருடம் மே மாதம் அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் உயிருள்ள நண்டு ஒன்றைப் போட்டேன். வேனில் பையைத் திறந்தார். நண்டு வெளியே வந்தது. தனசேகர் அண்ணன் சீட்டின்மேல் ஏறி நின்றார் என்று கேள்வி. மாமா என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். இரண்டு நாள் கழித்து, பகல் உச்சிவேளையில், கரையில் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் அவர் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. வாயோரம் ஈ உட்கார்ந்திருந்தது. நான் கூப்பிட்டேன், உலுக்கினேன். கையை உயர்த்தி விட்டேன், அது தொப்பென்று விழுந்தது. அப்போது நான் போட்ட கூச்சல் விளக்குமேடு வரை கேட்டிருக்கும். மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இவ்ளோதானா? எனக்கு இன்னும் கொஞ்சம் பெருசா அழுவேனு நெனச்சேன்."

நான் மணலை அள்ளி அவர்மேல் கொட்டினேன். நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"உள்ள ஒருத்தன் கத்துவான் பாரு, இளு இளுனு. அவன்தான் அது. அவன் கத்தினா நிக்க மாட்டான், தானா ஓஞ்சாதான் உண்டு. வுடு. இனிமே எங்கனா நான் வுயுந்து கெடந்தா மோட்டாரைத் தொடு. ஓடுச்சுன்னா நடிப்பு. ஒத உட்டு எழுப்பு."

அன்றிலிருந்து அது எங்களுக்குள் சட்டம். பார்க்கும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பேன். ஓடும். ஒரு உதை விடுவேன்.

அந்தக் கோடை விடுமுறையில் நான் அவருக்குத் துணையாக வேனில் போய்வந்தேன். மல்லிகா அத்தை இறால் உரிக்கும் எறா ஷெட்டில் வேலை செய்கிறார். வாரம் இரண்டு நாள் விடுப்பு கேட்டால் ஷெட்டில் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். அதனால் என்னை அனுப்பினார். டயாலிசிஸ் அறையில் நான் கற்றுக்கொண்டது இரண்டு வித்தை. ஒன்று, இயந்திரம் போடும் 'பீப்' சத்தம். இன்னொன்று சிஸ்டரின் குரல்.

சிஸ்டர், கோபிக்க வேண்டாம். உங்கள் குரல் அப்படி. மூக்கிலிருந்து தொடங்கி, நடுவில் இனித்து, கடைசியில் இழுக்கும். "ஏகாம்பரம் சார், ரெண்டு கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்களே, ஏரியையே குடிச்சீங்களா?" நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னால் வரிசையாகப் படுத்திருக்கும் அத்தனை பேரும் ஊசிக் கையை அசைக்காமல் சிரிப்பார்கள். மாமாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் கணக்கு. உப்பு கூடவே கூடாது. "சுத்திலும் உப்புத் தண்ணி, எனக்கு உப்பும் இல்ல தண்ணியும் இல்ல. நான் எந்தூரு மீனவன்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மட்டும் நான் கலந்துகொண்டதில்லை. அவர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குத் தாகம் எடுக்கும்.

இனி நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

பாடு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சிஸ்டருக்காகச் சொல்கிறேன். ஏரியில் எறா நிறைய வரும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பாடு. தன் முறைக்குத் தானே போக வேண்டும், பதிலுக்கு ஆள் அனுப்பக் கூடாது, இன்னொருவருடன் நாள் மாற்றக் கூடாது. விட்டால் போனதுதான், அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். சண்டை வராமல் இருக்கத்தான் இவ்வளவு கறார் என்று என் நைனா சொல்வார். அது சரிதான். ஆனால் இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் காலத்தில் சலவை வேன் இல்லை.

போன மழைக்குப் பிறகு, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்து எறா உள்ளே ஏறிய சமயம், மாமாவின் பாடு செவ்வாயில் விழுந்தது. விட்டார். அடுத்த சுற்றில் வெள்ளியில் விழுந்தது. அதையும் விட்டார். மூன்றாவது சுற்றிலும் வெள்ளிதான். அன்று சீட்டுப் போட்ட கூட்டத்தில் உங்களில் யாரோ, "ஏகாம்பரம் பாட்டை ஏரிக்கே எழுதி வெச்சுட்டான்" என்று சொன்னீர்கள். சொன்னவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. கேலிதான். நானும் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு நடந்துவரும்போது அவர் விரல் விட்டு நாட்களை எண்ணிக்கொண்டே வந்தார். எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"உனுக்கு ஒரு வேலை கீது. உன்னாலதான் ஆவும்."

மல்லிகா அத்தை அப்போது மகளின் பிரசவத்துக்காக மீஞ்சூரில் இருந்தார். சலவை நாட்களில் பதினொரு மணிக்கு மாமாவின் ஃபோனுக்குக் கூப்பிடுவார். மாமாவின் கை இயந்திரத்தில் மாட்டியிருக்கும் என்பதால் சிஸ்டர்தான் எடுத்துப் பேசுவார். மாமாவின் திட்டம் இதுதான். அவர் பாட்டுக்குப் போவார், ஃபோன் என்னிடம் இருக்கும், அத்தை கூப்பிட்டால் நான் சிஸ்டர்.

"ஒரே ஒரு சலவைதான். சனிக்கெழமை போய் சேத்து வெளுத்துக்கறேன்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். இவ்வளவு பெரிய வேடம் அதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை. வேண்டாம் என்று ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, கரையில் உடைந்து கிடக்கும் ஃபைபர் படகுக்குள் உட்கார்ந்தேன். விடியலில் போனவர்கள் தூரத்தில் வலை கட்டும் கழிகளுக்கு நடுவே தெரிந்தார்கள். மாமா எவர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது.

"சிஸ்டர், அவுரு எப்டி கீறாரு?"

"மிஷின்ல இருக்காரும்மாஆ. பி.பி. நல்லாருக்கு. இட்லி சாப்ட்டாரு. தூங்கறாரு."

"எழுப்பாதீங்க சிஸ்டர். நேத்து பூரா தூங்கலனு சொன்னாரு."

நான் ஃபோனைத் தள்ளிப் பிடித்து இரண்டு 'பீப்' வேறு போட்டேன். அத்தை நன்றி சொல்லி வைத்தார். நான் படகுக்குள் படுத்துச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

மாமாவின் படகு கரைக்கு வந்தபோது மணி இரண்டு இருக்கும். கூடை நிறைய எறா. அவர் இறங்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு மட்டும் தனியாக ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது. ஓடி வந்தவர்களுக்கு மேல்மூச்சு வாங்குமே, அப்படி இல்லை. ஆழமாக, வேகமாக, நிறுத்தாமல், யாரோ வெளியிலிருந்து துருத்தி ஊதுவதுபோல அவருடைய நெஞ்சு எழுந்து இறங்கியது.

"இன்னா மாமா, நீந்தியே வந்தியா?"

"உக்காந்துனுதான்டி கீறேன்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் நான்கு மூச்சு.

விரலை வைத்தேன். மோட்டார் ஓடியது. ஆனால் அதன் அதிர்வு மாறியிருந்தது. மெலிதாக, வேகமாக, விட்டு விட்டு. நடிப்பாக இருக்கும் என்று நினைத்து லேசாக ஒரு உதையும் விட்டேன். அவர் சிரிக்க முயன்றார். உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் எனக்குள் அந்த ஆள் கத்த ஆரம்பித்தான். இதை எழுதும்போதும் அவன் ஓயவில்லை.

அப்போதுதான் சலவை வேனில் திரும்பியிருந்த தனசேகர் அண்ணனும் நானும் அவரை ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவர் மூச்சை எண்ணிக்கொண்டு போனேன். எண்ணிக்கை தப்பினால் அவர் போய்விடுவார் என்று எப்படியோ எனக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் எண்ணிக்கை தப்பியது.

சிஸ்டர் அவரைப் பார்த்ததும், "கல்யாணத்துக்குப் போறேன், சனிக்கிழமை வரேன்னு சொன்னீங்களே? கல்யாணத்துல எறா வாசனை அடிக்குதே?" என்றார். அவர் கையோ ஊசியைத் தேடிக்கொண்டிருந்தது. பெண் டாக்டர் ஒருவர் வந்தார். காலையிலிருந்து என்ன செய்தார் என்று கேட்டார். "சும்மாதாம்மா இருந்தேன்" என்றார் மாமா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான், விடியலிலிருந்து தண்ணீரில் நின்று கழி நட்டு வலை இழுத்தார் என்று சொன்னேன்.

அப்போது என் பையில் இருந்த மாமாவின் ஃபோன் அடித்தது. நான் அசையவில்லை. சிஸ்டர் என் பையிலிருந்து எடுத்துப் பேசினார். அத்தையின் குரல் எனக்கே கேட்டது. "இன்னா சிஸ்டர், யாரோ ஆட்டோல ஏத்தினு போனாங்கன்றாங்க? காலைலே நல்லாருக்காருனு நீங்கதானே சொன்னீங்க? இட்லி சாப்ட்டாருனு சொன்னீங்களே?"

சிஸ்டர் ஃபோனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையில் அவர் குரல் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பிறகு, "கிளம்பி வாங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார் என்னிடம். "நீ சொல்லணும். உன் குரல்ல."

எட்டு மாதம் நான் சொல்லவில்லை. மாமா ஆளுக்கு ஏற்றபடி ஒரு கதை வைத்திருந்தார். உங்களிடம், சலவையைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். அத்தையிடம், காலையில் சலவை முடித்துவிட்டு வந்து கடைசி வலைக்கு மட்டும் போனதாகச் சொன்னார். அந்தக் கதைக்குச் சாட்சி அத்தை தன் காதால் கேட்ட ஃபோன்.

மாமாவை இயந்திரத்தில் போட்ட பிறகு டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படித்ததால் கேட்டேன் என்று நினைத்திருப்பார். நான் கேட்டது பயத்தில்.

உடம்பு தினமும் கொஞ்சம் அமிலத்தை உண்டாக்குகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றும். சிறுநீரகம் இல்லாதவருக்கு அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. செவ்வாயிலிருந்து சேர்ந்த அமிலம், அதற்குமேல் வெள்ளியன்று தசைகள் வேலை செய்து உண்டாக்கிய அமிலம், எல்லாம் ரத்தத்தில் நின்றுவிட்டது. அந்த மூச்சு, உடம்பு அமிலத்தைக் காற்றாக வெளியே தள்ளப் பார்த்த முயற்சி. இதயத் தசை சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். அமிலம் ஏறினால் அந்த இடத்துக்கு அதுவும் போட்டிக்கு வந்துவிடும். கால்சியம் இருக்கும், உட்கார இடம் கிடைக்காது. தசையின் பிடி தளரும். கூடவே பொட்டாசியமும் ஏறும், துடிப்பின் தாளம் தப்பப் பார்க்கும்.

"உடம்பு சும்மா இருக்காது" என்றார் டாக்டர். "ஆபத்துன்னு தெரிஞ்சதும் அட்ரினலின் மாதிரி ஹார்மோன்களைக் கொட்டும். இன்னும் வேகமா அடி, இன்னும் பலமா அடின்னு இதயத்தை விரட்டும். கொஞ்ச நேரம் இதயமும் அடிக்கும். அதனாலதான் அவரால மதியம் வரைக்கும் வலை இழுக்க முடிஞ்சது. பார்க்கிறவங்களுக்கு நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். ஆனா அமிலம் இன்னும் ஏறினா அந்த விரட்டல் இதயத்துக்கு எட்டாது. ஹார்மோன் கத்திட்டே இருக்கும். தசை கேக்காது. ஏற்கெனவே களைச்ச இதயத்துக்கு அந்த விரட்டலே சுமை."

நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மிஷின்ல இருக்காரும்மா, பி.பி. நல்லாருக்கு, இட்லி சாப்ட்டாரு. காலை முழுவதும் அவர் உடம்புக்குள் ஒரு ஹார்மோன் செய்த வேலையைத்தான், பதினொரு மணிக்கு ஃபோனில் நானும் செய்திருக்கிறேன்.

அன்று மாமா பிழைத்தார். இயந்திரம் ஓட ஓட மூச்சு இறங்கியது. அடுத்த சலவைக்குப் போகும்போது வேனில் தனசேகர் அண்ணனுக்கு அவர் தன் பாணியில் பாடம் எடுத்தாராம். "பத்து பேர் வலை இளுக்கறோம்னு வெச்சுக்க. கயித்துல எவனோ எண்ணெய தடவிட்டான். கரைல நின்னுக்கினு ஒருத்தன் இளுடா இளுடானு கத்தறான். கத்தினா கை வழுக்காதா? மாவு புளிச்சா இட்லிடா தம்பி. ரத்தம் புளிச்சா பாடை." அண்ணன் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு மாமா ஒரு சலவையும் தவறவிடவில்லை. அவருக்கு வந்த அடுத்த இரண்டு பாட்டில் ஒன்று வெள்ளி, ஒன்று ஞாயிறு. வெள்ளியை விட்டார். ஞாயிற்றுக்கிழமை போனார், கழி நடும் வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தே வந்தார்.

ஆனால் அவர் இதயம் பலவீனமாகிவிட்டது என்று ஸ்கேன் எடுத்து எழுதிக் கொடுத்தார்கள். படி ஏறினால் நின்றுவிடுவார். என்னைப் பார்த்தால் கையை நீட்டுவார். நான் தொடுவேன். உதைப்பதை நிறுத்திவிட்டேன். "ஏன்டி ஒத கொடுக்க மாட்ற? நான் அம்மாம் மோசமா கீறனா?" என்று ஒருநாள் கேட்டார். நான் ஓடிவிட்டேன். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைச் சட்டை போட்டு, வேன் வரும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் தனியாகப் பொன்னேரிக்குப் போனேன். சிஸ்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமையால்தான் போனாரா?

சிஸ்டர் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அவருக்கு நாலு வருஷமா இதயம் அடி வாங்கிட்டேதான் இருந்தது. அதுல ஒரு நாளைப் புடிச்சு, இதுதான்னு நிறுத்த முடியாது" என்றார். பிறகு, "அந்த நாள் இல்லைன்னும் நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

இதுதான் எனக்குக் கிடைத்த பதில். இதைவிட நல்ல பதில் இருக்கிறதா என்று பாடப் புத்தகத்தில் தேடினேன். அட்ரினலினுக்கு அவசரகால ஹார்மோன் என்று பெயர் போட்டு ஒரு பத்திதான் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பாட்டுக்குச் சீட்டுப் போடும் கூட்டம் வரப்போகிறது. தனசேகர் அண்ணனுக்குத் தை மாதம் கல்யாணம், அவரும் தலைக்கட்டு ஆகிவிடுவார். அவர் சீட்டு வெள்ளியில் விழுந்தால் என்ன செய்வார் என்று அவரைக் கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றார். மாமாவும் இதே சொல்லைத்தான் சொல்வார். சலவை நாளில் பாடு விழுந்தால் மட்டும், இன்னொரு தலைக்கட்டுடன் நாளை மாற்றிக்கொள்ள விடுங்கள். மாமா உங்களிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டால் கேலி செய்வீர்கள் என்று நினைத்தார். அந்தக் கேலியில் நானும் இருந்தேன். அதனால் இப்போது நான் கேட்கிறேன்.

மல்லிகா அத்தையிடம் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் ஷெட்டில் எறாத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, என் குரலிலேயே, முழுவதும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. கிள்ளுவதும் போடுவதுமாகவே இருந்தது. முடித்ததும் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தக் கொரல்ல ஒருதபா பேசு."

"வேணாம் அத்தை."

"பேசுடி."

பேசினேன். மூக்கிலிருந்து வர வேண்டிய குரல் தொண்டையிலிருந்து வந்தது. "மிஷின்ல இருக்காரும்மா. பி.பி. நல்லாருக்கு. தூங்கறாரு."

"இட்லி சாப்ட்டாருனும் சொன்னே. அதை வுட்டுட்ட."

"இட்லி சாப்ட்டாரும்மா."

அத்தை தலையாட்டினார். இன்னொரு எறாவை எடுத்தார். கிள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மேல எனுக்கு எம்மாம் கோவம்னு இன்னும் தெரியல. தெரிஞ்சா சொல்றேன். அதுவரைக்கும் வூட்டுக்கு வந்து போய்க்கினு இரு" என்றார்.

தினமும் போகிறேன். இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இன்றைக்கா என்று நினைத்துக்கொள்கிறேன்.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, என் வலது கையின் இரண்டு விரல்களுக்கு வந்த பழக்கம். செவ்வாயும் வெள்ளியும், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன்பு, வேன் நிற்கும் இடத்துக்குப் போகிறேன். தனசேகர் அண்ணன் ஜன்னல் வழியாக, மோட்டார் ஓடும் தன் இடது கையை நீட்டுவார். "மீட்டர் ரீடிங் எடுக்க மேடம் வந்துட்டாங்க" என்பார். டிரைவர் ஹாரன் அடிப்பார். விரலை வைத்ததும் முதலில் எதுவும் தெரியாது. என் நாடிதான் அடிக்கும். அது எனக்குத் தெரியும், இனி ஏமாற மாட்டேன். காத்திருப்பேன். அதற்குள் எனக்குள் இருக்கும் ஆள் கத்தத் தொடங்கிவிடுவான். பிறகு, அவன் சத்தத்துக்கு அடியில், அது வரும்.

"ஓடுது" என்பேன்.

சொன்ன பிறகும், வேன் நகரும்வரை விரலை எடுக்க மாட்டேன்.